கேமராவைக் கீழே வை தம்பி!

வண்டியைப் போலீஸ் மடக்கினால் என்ன செய்வது என்று போன மாதம் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பிரித்துப் பார்த்தால், பாதிப் பேர் வண்டியைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஏர்போர்ட் பக்கம் கேமராவோடு நின்று மாட்டிக்கொண்டவர்கள் எழுதியிருக்கிறார்கள். சரி, இந்த முறை முழுப் பகுதியும் அவர்களுக்கே.

கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். விமானம் இறங்குவதைப் படம் எடுப்பதுதான் என் பொழுதுபோக்கு. ரோட்டோரம் நின்று எடுத்துக்கொண்டிருந்தேன். பைக்கில் வந்த இரண்டு போலீஸ்காரர்கள் "கேமராவைக் கீழே வை தம்பி, இங்கெல்லாம் போட்டோ எடுக்கக் கூடாதுன்னு தெரியாதா" என்று கேட்டார்கள். மெமரி கார்டை ஃபார்மேட் செய்ய வைத்தார்கள். ஆதாரையும் போனில் படம் பிடித்துக்கொண்டார்கள். நான் செய்தது குற்றமா?
— பெயர் வேண்டாம் என்கிற வாசகர், பம்மல்

குற்றம் இல்லை. ஆனால் அந்தப் போலீஸ்காரர் சும்மா மிரட்டினார் என்றும் சொல்ல முடியாது, அவர் மனதில் ஓடியது என்னவென்று முதலில் பார்ப்போம்.

விமான நிலையத்தில் போட்டோ எடுக்கக் கூடாது என்று ஒரு விதி இருப்பது உண்மைதான். 1937-ஆம் வருட விமான விதிகளில் 13-வது விதி அது. அரசு விமான நிலையத்துக்குள்ளோ, பறந்துகொண்டிருக்கும் விமானத்திலிருந்தோ எழுத்துமூல அனுமதி இல்லாமல் படம் எடுக்கக் கூடாது என்கிறது. 1934-ஆம் வருட விமானச் சட்டம் போய், 2025 ஜனவரி 1 முதல் பாரதிய வாயுயான் அதிநியம் வந்துவிட்டாலும் பழைய விதிகள் தொடர்கின்றன. அதில் "நிலையத்துக்குள்" என்று இருப்பதைக் கவனியுங்கள். பம்மலிலோ பொழிச்சலூரிலோ கவுல் பஜாரிலோ பொது ரோட்டில் நின்று, தலைக்கு மேலே போகிற விமானத்தை எடுப்பது இந்த விதிக்குள் வராது.

இன்னொன்று இருக்கிறது, அதுதான் எல்லோரையும் பயமுறுத்துவது. 1923-ஆம் வருட அலுவல் ரகசியச் சட்டம். "தடை செய்யப்பட்ட இடம்" ஒன்றின் அருகே போனாலோ, அதை வரைந்தாலோ, படம் எடுத்தாலோ குற்றம். பாதுகாப்புத் துறை சம்பந்தப்பட்டதென்றால் 14 வருடம் வரை சிறை. கேட்டாலே கை நடுங்கும். ஆனால் அதே பிரிவில், நாட்டின் பாதுகாப்புக்கோ நலனுக்கோ கேடான நோக்கத்தோடு செய்திருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. அதையும் போலீஸ் இஷ்டத்துக்கு நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக முடியாது, அரசின் உத்தரவோடு வரும் புகாரின் பேரில்தான் நீதிமன்றம் வழக்கை எடுக்கும். இண்டிகோ வாலில் வெயில் பட்டு மின்னுவதை எடுத்த கல்லூரிப் பையன் மேல் இதைப் பாய்ச்ச யாரும் டில்லி வரை போகப்போவதில்லை. ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன்: நோக்கத்தைச் சூழ்நிலையை வைத்தும் ஊகிக்கலாம் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அதனால் நீங்கள் விமானத்தை எடுக்கிறீர்களா, இல்லை சுற்றுச்சுவர், காவல் கோபுரம், கேட், அங்கே நிற்கும் ஜவான்களை எடுக்கிறீர்களா என்பதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

அடுத்தது அந்த ஃபார்மேட் விஷயம். இதில் எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது. உங்கள் படங்கள் ஒரு குற்றத்துக்குச் சாட்சியம் என்று அவர் நினைத்தால், சாட்சியத்தை அழிக்கச் சொல்ல அவர் யார்? சாட்சியம் இல்லை என்று நினைத்தால் அது உங்கள் சொத்து, அப்போதும் அழிக்கச் சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் அதற்குச் சட்டத்தில் இடம் கிடையாது. குற்றம் நடந்ததாகச் சந்தேகம் இருந்தால் கேமராவையோ கார்டையோ கைப்பற்றலாம், அதற்கு 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 106-வது பிரிவு இருக்கிறது. கைப்பற்றினால் மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் போக வேண்டும். 105-வது பிரிவின்படி சோதனையையும் கைப்பற்றலையும், பட்டியல் போட்டுச் சாட்சிகள் கையெழுத்துப் போடுவது வரை, வீடியோ எடுக்க வேண்டும். ரோட்டோரத்தில் பைக்கை ஸ்டார்ட்டிலேயே வைத்துக்கொண்டு இதெல்லாம் நடக்காது. அதனால்தான் "நீயே அழிச்சிடு" என்கிறார்கள். அவருக்கு வேலை மிச்சம், உங்களுக்குப் படம் போச்சு.

போச்சு என்றும் சொல்லிவிட முடியாது. கேமராவில் செய்கிற சாதாரண ஃபார்மேட், பெரும்பாலும் கார்டில் எது எங்கே இருக்கிறது என்கிற அட்டவணையைத்தான் துடைக்கிறது. அந்தக் கார்டில் அதற்குப் பிறகு ஒரு படம்கூட எடுக்காமல் வைத்திருந்தால், மீட்பு மென்பொருள் போட்டுப் பாருங்கள், நிறையத் திரும்பக் கிடைக்கும். ஒரு கோயில் திருவிழாவில் எனக்கே இப்படி நேர்ந்து, ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து முக்கால்வாசியை மீட்டிருக்கிறேன்.

பெயர், விலாசம் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுங்கள். சிறிய குற்றம் ஒன்றைச் சாட்டி அவர் கேட்கும்போது நீங்கள் சொல்ல மறுத்தால், அதற்காகவே கைது செய்ய அதே சன்ஹிதாவின் 39-வது பிரிவு இடம் கொடுக்கிறது. ஆதார்தான் வேண்டும் என்று சட்டம் இல்லை. காலேஜ் ஐடி போதும், ஆதார்தான் கையில் இருக்கிறதென்றால் கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற மறைத்த ஆதாரை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை என்ன செய்வது? சாயங்காலம் ஆறு மணிக்கு, ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டில் இரண்டு பேர் நிற்கும்போது பிரிவு எண்களை அடுக்குவது வீரமாக இருக்கலாம், புத்திசாலித்தனம் இல்லை. அவர் கேட்பதற்கு முன்னாலேயே படங்களைக் காட்டுங்கள். இது இன்ன விமானம், இன்ன ஊரிலிருந்து வருகிறது, இந்த நிறம் புதுசு சார் என்று பேச ஆரம்பித்தால் பாதிப் பேருக்கு ஆர்வம் வந்துவிடும் (உண்மையாகவே, ஒரு ஏட்டையா என்னிடம் அவர் மகன் துபாய் போகிற விமானம் எது என்று கேட்டிருக்கிறார்). கிளம்பு என்றால் கிளம்பிவிடுங்கள். அழி என்றால், "ஸ்டேஷனுக்கே வர்றேன் சார், இன்ஸ்பெக்டர் பார்த்துட்டுச் சொல்லட்டும்" என்று குரல் உயர்த்தாமல் சொல்லிப் பாருங்கள். அநேகமாக யாரும் கூட்டிப்போக மாட்டார்கள். கூட்டிப்போனால் வீட்டுக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். கைது என்றால் காரணத்தை உடனே சொல்ல வேண்டும், வீட்டாருக்குத் தெரிவிக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். வெறும் விசாரணை என்றால் விசாரித்து அனுப்ப வேண்டும்.

காக்கி போட்டவரெல்லாம் ஒன்றுதானா? ஏர்போர்ட் வாசலில் என்னைத் தடுத்தவர் போலீஸ் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.
— ஒரு வாசகர், திருச்சி

ஒன்று இல்லை. உள்ளேயும் வாசலிலும் துப்பாக்கியோடு நிற்பவர்கள் பெரும்பாலும் மத்திய தொழிற் பாதுகாப்புப் படை, அதாவது சி.ஐ.எஸ்.எஃப். விமான நிலையங்களுக்கு அவர்கள் வந்ததே 2000-ல், ஜெய்ப்பூரில் தொடங்கி. அவர்கள் சட்டப்படி கைது செய்யலாம், ஆனால் வைத்துக்கொள்ளக் கூடாது, தாமதிக்காமல் போலீஸிடம் ஒப்படைத்துவிட வேண்டும். தோளில் இருக்கும் பட்டையைப் பார்த்தால் யார் என்று தெரியும். கார் பார்க்கிங்கில் விசில் ஊதுபவர் தனியார் செக்யூரிட்டி. உங்களை வெளியே போகச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு, ஏனென்றால் அது நிலையத்தின் இடம். கேமராவைத் தொட உரிமை இல்லை. ஆனால் சத்தம் அதிகமாகப் போடுபவர் எப்போதும் அவர்தான்.

எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பேரன் பெரிய லென்ஸ் வைத்து ஃபிளைட் படம் எடுக்கிறான். போலீஸ் வரும் என்று பக்கத்து வீட்டில் மிரட்டுகிறார்கள்.
— ஓய்வுபெற்ற ஆசிரியை, நங்கநல்லூர்

மாடி உங்களுடையது, வானம் எல்லோருக்கும் பொது. தாராளமாக எடுக்கட்டும் டீச்சர். லேசர் பாயின்டரை மட்டும் அந்தப் பக்கம் காட்ட விடாதீர்கள், விமானி கண்ணில் பட்டால் அது நிஜமான ஆபத்து. அப்புறம், பக்கத்து வீட்டுக்காரர் பயப்படுவது விமானத்துக்காகத்தானா, இல்லை அந்த லென்ஸ் அவர்கள் ஜன்னல் பக்கம் திரும்புகிறதோ என்றா? பேரனை ஒரு நாள் அவர்கள் வீட்டுக்கு அழைத்துப்போய்ப் படங்களைக் காட்டச் சொல்லுங்கள். மாடியிலிருந்து எடுப்பவர்கள் மேல் போகிற புகார்களில் நான் கேள்விப்பட்டதெல்லாம் ஜன்னலைப் பற்றித்தான்.

கல்யாண போட்டோகிராஃபர் நான். தாம்பரத்தில் விமானப்படைச் சுவர் ஓரமாக மரமெல்லாம் அழகாக இருக்கிறதே என்று ஜோடியை நிற்க வைத்து எடுத்தோம். ஜவான்கள் வந்து இரண்டு மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்கள். 2024 அக்டோபரில் மெரினாவில் நடந்த விமான சாகச நிகழ்ச்சியில் இதே விமானப்படை விமானங்களை ஊரே படம் எடுத்ததே, அப்போது யாரும் தடுக்கவில்லையே?
— ஒரு வாசகர், குரோம்பேட்டை

நல்ல கேள்வி கேட்டீர்கள். மெரினாவில் லட்சக்கணக்கான பேர் போன் வைத்து எடுத்தார்கள், விமானப்படையே பார்க்கக் கூப்பிட்டது. அதே விமானத்தைத் தாம்பரம் சுவருக்கு மேலே கேமராவை நீட்டி எடுத்தால் கதை வேறு. நம் சட்டம் கேமராவைப் பார்ப்பதில்லை, நீங்கள் நிற்கிற இடத்தைத்தான் பார்க்கிறது. மீனம்பாக்கம் சிவில் விமான நிலையம். தாம்பரம், சூலூர், தஞ்சாவூர் எல்லாம் விமானப்படைத் தளங்கள், அலுவல் ரகசியச் சட்டத்தில் "தடை செய்யப்பட்ட இடம்" என்ற பட்டியலின் முதல் வரியிலேயே ராணுவ, கடற்படை, விமானப்படை நிலையங்கள் வந்துவிடுகின்றன, தனி அறிவிப்புகூட வேண்டாம். அங்கே பலகையும் வைத்திருப்பார்கள். மணப்பெண் பின்னால் காவல் கோபுரம் தெரிந்தால் ஜவானுக்கு மணப்பெண் தெரியமாட்டாள், கோபுரம்தான் தெரியும். இரண்டு மணி நேரத்தில் விட்டார்களே, அதுவே மரியாதை.

சென்னையில் இன்னொரு சிக்கலும் உண்டு. மீனம்பாக்கத்திலேயே கடலோரக் காவல்படையின் விமானப் பிரிவு இருக்கிறது, பக்கத்தில் பரங்கிமலையில் ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமி. எங்கே சிவில் முடிந்து எங்கே ராணுவம் ஆரம்பிக்கிறது என்பது ரோட்டில் போகிறவருக்குத் தெரியாது. பலகையைப் படியுங்கள், அவ்வளவுதான்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், ட்ரோனை அந்தப் பக்கம் எடுத்துப்போகவே வேண்டாம். 2021 ட்ரோன் விதிகளின்படி விமான நிலையச் சுற்றளவிலிருந்து 5 கி.மீ. வரை பொதுவாகச் சிவப்பு மண்டலம், மத்திய அரசு அனுமதி இல்லாமல் ஒரு அடிகூடத் தூக்கக் கூடாது. 12 கி.மீ. வரை மஞ்சள் மண்டலக் கட்டுப்பாடு. பல்லாவரத்தில் மண்டபம், மேலே ட்ரோன் ஷாட் என்று பார்ட்டி கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுங்கள். டிஜிட்டல் ஸ்கை என்கிற அரசின் ட்ரோன் இணையதளத்தில் மண்டல வரைபடம் இருக்கிறது, அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்னால் அதைத் திறந்து பாருங்கள்.

புனே போகும்போது விமானத்தில் ஜன்னலை மூடு, போட்டோ எடுக்காதே என்றார்கள். சென்னையில் அப்படிச் சொல்லவில்லையே?
— ஒரு வாசகி, வேளச்சேரி

புனே விமான நிலையம் விமானப்படையின் தளம். கோவா டபோலிம் கடற்படையுடையது. அங்கெல்லாம் ஓடுபாதை அவர்களுடையது, சிவில் விமானம் பகிர்ந்துகொள்கிறது. ராணுவத் தளங்களில் படம் எடுக்கத் தடை பழையது. 2025 மே மாதம், எல்லையில் நடந்த மோதலுக்குப் பிறகு, சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. இன்னும் இறுக்கியது: இப்படிப்பட்ட தளங்களில், முக்கியமாக மேற்கு எல்லைப் பக்கம், ஏறும்போது 10,000 அடி தாண்டும் வரையும் இறங்கும்போது அதற்குக் கீழே வந்த பிறகும் ஜன்னல் திரையை மூடி வைக்க வேண்டும், அவசர வழி வரிசைக்கு மட்டும் விலக்கு என்று அப்போது உத்தரவு போட்டது.

மற்ற இடங்களில் ஜன்னல் வழியாக எடுக்கலாம். டி.ஜி.சி.ஏ. 2004-லேயே பயணிகளுக்கு அதை அனுமதித்திருக்கிறது. 2020 செப்டம்பரில், நடிகை கங்கனா ரணாவத் வந்த சண்டிகர்–மும்பை விமானத்தில் டிவிக்காரர்கள் முண்டியடித்ததும், விமானத்துக்குள் யாராவது விதிமீறிப் படம் எடுத்தால் அந்தத் தடத்தில் இரண்டு வாரம் சேவையை நிறுத்துவோம் என்று உத்தரவு போட்டார்கள். அடுத்த நாளே, பயணிகள் சாதாரணமாக எடுப்பதற்குத் தடை இல்லை, கலாட்டா பண்ணி எடுப்பதற்குத்தான் தடை என்று விளக்கம் கொடுக்க வேண்டி வந்தது.

எந்த விமானம் எங்கே பறக்கிறது என்று காட்டும் ஃபிளைட்ராடார் ஆப் வைத்திருப்பது தப்பா? கண்ட்ரோல் டவர் பேச்சைக் கேட்கிற ரேடியோ ஒன்று ஆன்லைனில் கிடைக்கிறது, வாங்கலாமா?
— ஒரு வாசகர், கோவை

ஆப் வைத்துக்கொள்ளுங்கள், உலகமே வைத்திருக்கிறது. ரேடியோ வாங்காதீர்கள்.

2010 பிப்ரவரியில் டில்லி விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டலில் இரண்டு பிரிட்டிஷ்காரர்கள் தங்கினார்கள். விமானம் தெரிகிற அறையாக வேண்டும் என்று கேட்டு வாங்கியிருந்தார்கள். அறையில் டிரைபாட், பைனாகுலர், லேப்டாப், கூடவே விமானிகள் பேச்சைக் கேட்கிற ஸ்கேனர். மும்பைத் தாக்குதல் நடந்து ஒன்றரை வருடம்கூட ஆகாத நேரம், கேட்கவா வேண்டும்? உளவாளிகள் என்று செய்தி பறந்தது. விசாரித்துப் பார்த்தால் விமானப் பதிவெண்களை நோட்டில் குறித்துச் சேர்க்கிற பைத்தியங்கள், அவ்வளவுதான். ஆனாலும் ஊர் திரும்ப இரண்டு மாதம் ஆனது. கடைசியில் அவர்கள் மேல் நின்றது கேமரா சம்பந்தப்பட்ட குற்றம் இல்லை, அனுமதி இல்லாத ரேடியோவுக்காகத் தந்திச் சட்டத்தின் கீழ் ஒரு அபராதம். அந்தப் பெட்டியை மட்டும் ஊரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தால் வழக்குப் போட விஷயமே இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறேன். சிட்டி ஏர்போர்ட் பக்கம் படம் எடுத்தபோது போலீஸ் நிறுத்திக் கேட்டார்கள். இங்கே சட்டம் என்ன?
— ஒரு வாசகர், லண்டன்

உங்கள் ஊர் இதில் அடிபட்டுத் தெளிந்த ஊர். 2000-ஆம் வருட பயங்கரவாதச் சட்டத்தின் 44-வது பிரிவை வைத்துச் சந்தேகமே இல்லாமல் யாரையும் நிறுத்திச் சோதித்தார்கள், அதில் போட்டோகிராஃபர்கள் ஏகப்பட்ட பேர் மாட்டினார்கள். 2010 ஜனவரியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அது தவறு என்றது. அதே மாதம் டிராஃபல்கர் சதுக்கத்தில் கேமராக்காரர்கள் கூட்டம் போட்டார்கள். பிரிவு கைவிடப்பட்டது. இப்போது 43-வது பிரிவுப்படி, நீங்கள் பயங்கரவாதி என்று நியாயமான சந்தேகம் இருந்தால்தான் சோதிக்கலாம், அப்போது கேமராவில் இருப்பதைப் பார்க்கலாம், கைப்பற்றலாம். அழிக்க முடியாது. பொது இடத்தில் படம் எடுக்க அனுமதி தேவையில்லை என்று லண்டன் போலீஸே எழுதி வைத்திருக்கிறது.

ராயல் ஆல்பர்ட் டாக்கின் அந்தப் பக்கம், பல்கலைக்கழகம் இருக்கிற கரையிலிருந்து ஓடுபாதை அருமையாகத் தெரியும். ஆனால் விமான நிலையத்தின் சொந்த இடத்தில் நின்றால் போகச் சொல்லலாம், போய்விடுங்கள். பயணியாக உள்ளே போகும்போது மட்டும் கவனம்: அதே சட்டத்தின் 7-வது அட்டவணைப்படி சந்தேகமே இல்லாமல் 6 மணி நேரம் வரை விசாரிக்கலாம், போன் பாஸ்வேர்டும் கேட்கலாம், மறுத்தால் அதுவே குற்றம்.

லீவுக்குப் போகிற நாடுகளில் லண்டன் பழக்கத்தைக் காட்ட வேண்டாம். 2001-ல் கிரீஸில் கலமாட்டா விமானப்படைத் தளத்துக்குப் போன 12 பிரிட்டிஷ்காரர்களையும் 2 டச்சுக்காரர்களையும் உளவு என்று பிடித்துச் சில வாரம் சிறையில் வைத்தார்கள். மறுவருடம் கீழ்க்கோர்ட்டில் தண்டனையே கிடைத்தது, சிலருக்கு மூன்று வருடம். மேல்முறையீட்டில்தான் விடுதலை. விமானப் பதிவெண்ணை நோட்டில் எழுதுவது ஒரு பொழுதுபோக்கு என்பதை நம்பவே முடியாமல் நீதிபதிகள் திணறியிருப்பார்கள் என்று தோன்றுகிறது. என் வீட்டிலும் அதை யாரும் நம்புவதில்லை.

நம்மைத் தடுக்கிற போலீஸை நாம் வீடியோ எடுக்கலாமா?
— பல வாசகர்கள்

எடுக்கக் கூடாது என்று நேரடியாகச் சொல்கிற சட்டம் இல்லை. ஸ்டேஷனுக்குள் வீடியோ எடுத்தார் என்று ஒருவர் மேல் அலுவல் ரகசியச் சட்டத்தில் போட்ட வழக்கை, 2022-ல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு ரத்து செய்தது. போலீஸ் ஸ்டேஷன் அந்தச் சட்டம் சொல்கிற "தடை செய்யப்பட்ட இடம்" இல்லை என்று சொல்லிவிட்டது. ஸ்டேஷனுக்கே அப்படியென்றால் ரோட்டைக் கேட்கவே வேண்டாம்.

ஆனால் முகத்துக்கு நேரே போனை நீட்டினால், பணி செய்ய விடாமல் தடுத்தார் என்று ஒரு வழக்கு எழுதுவது அவருக்குச் சுலபம். போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒலிப்பதிவு ஓடவிடுவதை நான் இரண்டு தடவை செய்திருக்கிறேன். ஒரு தடவை வீட்டுக்கு வந்து கேட்டுப் பார்த்தால் முழுக்க லாரி ஹாரன்தான். சட்டைப்பையில் பேனாவும் சாவியும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.